டீச்சரே பேசி முடிக்கலாமா?

கேள்வி: சார், நான் மார்த்தாண்டம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். எம்.எஸ்.டபிள்யூ. படித்திருக்கிறேன். இரண்டு இளம் வக்கீல்கள், ஓர் ஆடிட்டர், நான் என்று நாலு பேர் சேர்ந்து, விவாகரத்து வரை வந்துவிட்ட குடும்பங்களுக்குக் கோர்ட்டுக்கு வெளியே பேசித் தீர்த்துக்கொள்ள உதவலாம் என்று யோசிக்கிறோம். இதற்கு முறையான பயிற்சி உண்டா? வக்கீல் அல்லாத நான் செய்யலாமா? நாங்கள் எழுதி வாங்கும் உடன்படிக்கை சட்டப்படி செல்லுமா? இதற்கிடையில், எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கும் ஒரு பையனின் அப்பா குவைத்திலிருந்து லீவில் வந்திருக்கிறார். அவரும் மனைவியும் பிரிவதென்று முடிவு செய்துவிட்டார்கள். "வேற யாரும் வேண்டாம், டீச்சரே பேசி முடிங்க" என்று இரண்டு பேருமே கேட்கிறார்கள். பேசலாமா? (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

பதில்:

அன்புள்ள சகோதரி,

கடைசிக் கேள்விதான் அவசரம் என்பதால் அதிலிருந்து வருகிறேன். அந்தத் தம்பதியின் பேச்சுவார்த்தையை நீங்கள் எடுக்க வேண்டாம். இரண்டு பேரும் நம்புகிறார்கள் என்பது பெரிய விஷயம்தான். ஆனால் அந்த நம்பிக்கைக்கு உரிமைக்காரன் வேறொருவன் இருக்கிறான், ஏழாம் வகுப்புப் பையன்.

அவன் ஒருநாள் உங்கள் அறைக்கு வந்து, "எனக்கு அப்பாகூடப் போக இஷ்டமில்ல டீச்சர்" என்று சொல்லலாம். அல்லது "அம்மைகூட இருக்க இஷ்டமில்ல" என்றும் சொல்லலாம். அந்த நேரத்தில் நீங்கள் முழுக்க அவனுடைய ஆளாக இருக்க வேண்டும். பெற்றோருக்கு நடுவில் உட்கார்ந்து பேசுபவராகவும் இருந்தால், அவன் சொன்னதை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? வெளியே சொன்னால் அவனுக்கு இருந்த ஒரே இடம் போயிற்று. சொல்லாமல் மனதில் வைத்துக்கொண்டு பேச்சை நடத்தினால், பெற்றோரிடம் நடுநிலை என்று சொல்வதில் அர்த்தமில்லை.

சட்டமும் இந்த இரண்டு வேலைகளையும் தனித்தனியாகத்தான் பார்க்கிறது. சமரசப் பேச்சில் நடந்தது வெளியே வரக்கூடாது. மோத்தி ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சமரசருக்கு, அதாவது நடுவில் இருந்து பேச வைப்பவருக்கு, இதைக் கறாராகச் சொன்னது: உடன்பாடு வந்தால் உடன்படிக்கையை நீதிமன்றத்துக்கு அனுப்பு, வராவிட்டால் 'வரவில்லை' என்று மட்டும் எழுது, யார் என்ன பேசினார் என்று ஒரு வரிகூட எழுதாதே. ஆனால் பிள்ளையின் பொறுப்பு யாருக்கு என்ற வழக்கில் ஆலோசகர் பிள்ளையிடம் பேசிக் கொடுத்த அறிக்கையை நீதிமன்றம் பார்க்கலாம் என்று 2019-ல் பெர்ரி கன்சாக்ரா வழக்கில் அதே நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பிள்ளையின் நலனுக்கு முன்னால் ரகசியம் விலகி நிற்கும். ஆக, ஒருவரே சமரசரும் ஆலோசகருமாக இருந்தால், எது ரகசியம் எது இல்லை என்று அவருக்கே தெரியாமல் போகும்.

அந்தத் தம்பதியிடம், "உங்கள் மகனுக்காக நான் இருக்கிறேன், உங்களுக்கு வேறொருவரை ஏற்பாடு செய்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அவர் எந்தத் தேதியில் குவைத்துக்குத் திரும்புகிறார் என்பதை மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். லீவு முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும் என்ற பதற்றத்தில்தான் மோசமான உடன்படிக்கைகள் எழுதப்படுகின்றன. அவர்கள் இந்து திருமணச் சட்டத்தின் கீழ் வருபவர்கள் என்றால் அந்தப் பதற்றம் தேவையில்லை. பரஸ்பர சம்மத விவாகரத்து வழக்கில் வீடியோ கான்ஃபரன்சிங் மூலம் ஆஜராகலாம், நேரில் வர முடியாதவருக்குப் பெற்றோர் அல்லது உடன்பிறந்தவர் பிரதிநிதியாக வரலாம், முதல் மனுவுக்கும் இரண்டாவது கட்டத்துக்கும் இடையிலான ஆறு மாதக் காத்திருப்பையும் தகுந்த வழக்கில் நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-லேயே அமர்தீப் சிங் வழக்கில் சொல்லியாகிவிட்டது.

சரி, பயிற்சிக்கு வருவோம்.

நம் மாநிலத்துக்கு இதில் ஒரு முன்னோடிப் பெயர் உண்டு. நீதிமன்றத்தோடு இணைந்த நாட்டின் முதல் சமரச மையம் 2005 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில்தான் தொடங்கியது. மூத்த வழக்கறிஞர் ஸ்ரீராம் பஞ்சு அதற்கு முன்னின்று உழைத்தவர். அதே ஆண்டில் உச்ச நீதிமன்றமும் இதற்கென ஒரு குழுவை அமைத்தது. அந்தக் குழு வகுத்த 40 மணி நேரப் பயிற்சிதான் இன்றைக்கும் அடிப்படை அளவுகோல். அதோடு 10 சமரசங்களையாவது நேரில் நடத்தியிருக்க வேண்டும் என்பது அங்கீகாரத்துக்கு அவர்கள் வைத்த நிபந்தனை. அப்புறம் 20 மணி நேரப் புத்தாக்கப் பயிற்சியும் உண்டு. உயர் நீதிமன்றத்தின் மையம் தன் பட்டியலுக்கு வரும் ஆட்களுக்குப் பயிற்சி நடத்துகிறது. சில சட்டப் பல்கலைக்கழகங்களும் தனியார் சமரச அமைப்புகளும் கட்டணம் வாங்கிக்கொண்டு அதே 40 மணி நேரத்தைக் கற்றுத் தருகின்றன. ஆனால் வெளியே வாங்கிய சான்றிதழைக் காட்டினால் நீதிமன்றப் பட்டியலில் பெயர் தானாக ஏறிவிடாது. பணம் கட்டும் முன் இதைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். விளம்பரத்தில் இந்த வரி இருக்காது.

அந்த 40 மணி நேரத்தில் என்னதான் சொல்லித் தருகிறார்கள்? சட்டம் கொஞ்சம்தான். பெரும்பகுதி நடிப்பு. ஒருவர் மனைவி, ஒருவர் கணவர், ஒருவர் சமரசர், மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து பார்ப்பார்கள். கணவராக நடிப்பவர் எடுத்த எடுப்பில், "இவ இவளுக்க அம்மை சொல்லத கேட்டுத்தான் ஆடுவா" என்பார். சமரசராக நடிப்பவர் நம்ம ஊர் ஆள் என்றால் உடனே, "அப்படிப் பேசாதீங்க தம்பி, பெரியவங்கள மதிக்கணும்" என்று ஆரம்பிப்பார். பயிற்சியாளர் அங்கேயே நிறுத்துவார். திரும்பச் செய்யச் சொல்வார். "வீட்டு முடிவுகளை நீங்கள் இரண்டு பேர் மட்டும் எடுக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள், சரியா?" என்று கேட்டுப் பாருங்கள். குற்றச்சாட்டில் இருந்த விஷத்தை எடுத்துவிட்டு, உள்ளே இருந்த தேவையை மட்டும் மேசையில் வைக்கிற வேலை இது. கேட்க எளிது. கோபமாக இருக்கும் ஒருவர் முன்னால் உட்கார்ந்து செய்து பாருங்கள், நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

வக்கீல்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இதில் ஒரே நோய்தான்: சும்மா இருக்க முடியாது. யார் சொல்வது நியாயம் என்று மனம் உடனே தீர்ப்பு எழுதிவிடும். நம் மாவட்டத்தில் இது இன்னும் கூடுதல். பங்குத்தந்தை, போதகர், ஜமாத், ஊர் கமிட்டி, சமுதாயத் தலைவர், பெண்ணின் தாய்மாமா என்று பஞ்சாயத்து பேச இங்கே ஆளுக்குப் பஞ்சமே இல்லை. அவர்கள் எல்லாரும் நல்லெண்ணத்தோடுதான் பேசுகிறார்கள். ஆனால் பேச்சின் முடிவில் அவர்கள் ஒரு தீர்ப்பு சொல்கிறார்கள், தம்பதி தலையாட்டுகிறார்கள், வீட்டுக்குப் போனதும் எல்லாம் பழையபடி. சமரசர் தீர்ப்பே சொல்லக் கூடாது. தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசலாம், எண்ணிப் பார்க்காத வழிகளைக் கேள்வியாகக் கேட்கலாம், கோர்ட்டில் போனால் எத்தனை வருடம், என்ன செலவு, என்ன கிடைக்கலாம் என்று யோசிக்க வைக்கலாம். முடிவு அவர்களுடையது. உங்கள் படிப்பில் கேட்கும் பழக்கத்தை ஏற்கெனவே கற்றுத் தந்திருப்பார்கள், அது உங்கள் பலம். உங்கள் குழுவின் வக்கீல்களைவிட நீங்கள் இதில் சீக்கிரம் தேறுவீர்கள் என்பது என் கணிப்பு. அவர்களிடம் சொல்ல வேண்டாம்.

வக்கீல் அல்லாதவர் செய்யலாமா? செய்யலாம். பயிற்சிக்குச் சட்டப் படிப்பு கட்டாயமில்லை. ஆனால் நடைமுறையில் மாவட்ட மையங்களில் பட்டியலை நிரப்பியிருப்பது பெரும்பாலும் வக்கீல்கள்தான் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு அதைவிட நேரான வாசல் ஒன்று இருக்கிறது. 1984-ம் ஆண்டின் குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். சமூக நல அமைப்புகளையும் சமூக நலத் துறையில் வேலை செய்பவர்களையும் நீதிமன்றத்தோடு இணைத்துக்கொள்ளலாம் என்கிறது பிரிவு 5. ஆலோசகர்களை நியமிப்பது பிரிவு 6. குடும்ப நலத் துறையில் தொழில்முறையாக வேலை செய்பவரின் உதவியை நீதிபதி கேட்டுப் பெறலாம், அதிலும் பெண்களுக்கு முன்னுரிமை என்கிறது பிரிவு 12. அந்தச் சட்டம் எழுதப்பட்டதே வக்கீல்களைக் கொஞ்சம் தள்ளி நிறுத்திவிட்டு உங்களைப் போன்றவர்களை உள்ளே கொண்டுவரத்தான். அதன் பிரிவு 13, வக்கீல் வைப்பதை ஒரு தரப்பின் உரிமை என்றுகூட ஏற்கவில்லை.

உங்கள் நால்வர் அணியைப் பற்றி. இது தெரிந்து செய்தீர்களோ தெரியாமல் செய்தீர்களோ, அமெரிக்காவில் 1990-ல் தொடங்கிய ஒரு முறையின் சாயல் இதில் இருக்கிறது. மினசோட்டாவில் ஸ்டூவர்ட் வெப் என்ற குடும்ப வழக்கறிஞர், இனி கோர்ட் ஏறுவதில்லை, பேசித் தீர்க்க மட்டும்தான் வருவேன் என்று முடிவெடுத்தார். இரண்டு தரப்புக்கும் ஆளுக்கொரு வக்கீல் உண்டு. ஆனால் பேச்சு முறிந்தால் இரண்டு வக்கீல்களும் விலகிவிட வேண்டும், வழக்கை அவர்களே நடத்தக் கூடாது என்று முன்கூட்டியே எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். பிறகு கலிபோர்னியாவில் இதோடு மனநல ஆலோசகர், பிள்ளைக்கென ஒரு நிபுணர், இரண்டு தரப்புக்கும் பொதுவான ஒரு கணக்கு நிபுணர் என்று அணியாக விரிந்தது. அங்கே பயிற்சியும் அணியாகவே கொடுக்கிறார்கள். வக்கீல் தன் வாதத்தை அடக்கக் கற்றுக்கொள்வார், கணக்கர் கண்ணீருக்கு முன்னால் உட்காரக் கற்றுக்கொள்வார், ஆலோசகர் சொத்துக் கணக்கைப் படிக்கக் கற்றுக்கொள்வார்.

நம் நாட்டில் அதற்கென்று தனிச் சட்டம் கிடையாது. வக்கீல் விலக வேண்டும் என்ற நிபந்தனையை இங்கே அப்படியே கொண்டுவருவது எனக்கு உவப்பில்லை. பெண்ணின் அப்பா கடன் வாங்கி ஒரு வக்கீலுக்குப் பீஸ் கொடுத்திருப்பார். பேச்சு முறிந்ததும் மறுபடி வேறொருவருக்குக் கொடு என்றால் அடி அவருக்குத்தான் விழும், வெளிநாட்டுச் சம்பளக்காரருக்கு அல்ல. ஆனால் பிள்ளைக்கு ஓர் ஆள், கணக்குக்குப் பொதுவான ஓர் ஆள் என்ற இரண்டையும் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். வக்கீல்களைப் பொறுத்தவரை ஒன்று மட்டும் அசைக்கக் கூடாது. உங்கள் குழுவில் சமரசராக உட்கார்ந்தவர், அதே விவகாரத்தில் பின்னால் எந்தத் தரப்புக்கும் வக்காலத்து போடக் கூடாது. இல்லையென்றால் ஊரில் உங்கள் குழுவுக்கு 'கேஸ் பிடிக்கும் கடை' என்றுதான் பெயர் வரும்.

ஆடிட்டர் கிடைத்தது உங்கள் அதிர்ஷ்டம். விவாகரத்துப் பேச்சு பாதியில் முறிவது பெரும்பாலும் கோபத்தால் இல்லை, கணக்கால். 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில், ஜீவனாம்சம் கேட்கும் வழக்குகளில் இரண்டு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் குறித்த படிவத்தில் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தப் படிவத்தையே உங்கள் மேசையிலும் பயன்படுத்துங்கள். கோர்ட்டில் எப்படியும் கொடுக்க வேண்டியதுதான் என்றால் மறைக்க வருகிறவரும் கொஞ்சம் யோசிப்பார்.

ஆனால் படிவத்தில் நம் மாவட்டம் அடங்காது. குலசேகரம், அருமனைப் பக்கம் இரண்டு ஏக்கர் ரப்பர் வைத்திருப்பவருக்கு மாதச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. பிப்ரவரி, மார்ச்சில் இலை உதிரும்போது பால் வெட்டு நின்றுவிடும். அடைமழை நாட்களிலும் வெட்டு நடக்காது. மாதம் இவ்வளவு என்று எழுதிவிட்டால் அந்த மாதங்களில் பாக்கி விழும், பாக்கி விழுந்ததும் மறுபடி வழக்கு. குளச்சல், தேங்காய்பட்டணம் பக்கம் விசைப்படகில் போகிறவருக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கடற்கரைத் தடைக்காலம். அதுவே கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வரும் சின்னமுட்டம் துறைமுகம் என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஒரே மாவட்டத்தில் இரண்டு தடைக்காலம். பிள்ளையின் பள்ளிக் கட்டணம் ஜூனில் கட்ட வேண்டும், அப்பாவின் கையில் காசு இல்லாத மாதமும் அதுதான். எனவே நல்ல மாதங்களில் கூடுதலாக ஒரு தனிக் கணக்கில் போட்டு வைப்பது, கட்டணத்தை நேராகப் பள்ளிக்கே கட்டுவது என்று எழுதுங்கள். எந்தத் தீர்ப்பிலும் இவ்வளவு நுணுக்கமாக எழுத மாட்டார்கள். பேசித் தீர்ப்பதன் லாபமே இதில்தான் இருக்கிறது.

அடுத்தது நகை. பெண் வீட்டில் 60 பவுன் என்பார்கள், மாப்பிள்ளை வீட்டில் 45 என்பார்கள், கல்யாண ஆல்பத்தை விரித்து வைத்து எண்ணுவார்கள். இதற்கு மட்டும் தனியாக ஓர் அமர்வு ஒதுக்குங்கள். எது பெண் வீட்டார் போட்டது, எது மாப்பிள்ளை வீட்டார் போட்டது, எது பிறகு வாங்கியது, எது அடகில் இருக்கிறது, எது விசாவுக்கு விற்றது என்று ஐந்து கட்டம் போட்டு இரண்டு பேரையும் நிரப்பச் சொல்லுங்கள். பெண்ணுக்குக் கொடுத்தது பெண்ணுக்கே உரியது, கணவனுக்கு அதில் கூட்டுரிமை இல்லை என்பது 1985-லேயே பிரதிபா ராணி வழக்கில் தீர்ந்துபோனது. 2024 ஏப்ரலில் கேரளத்து வழக்கொன்றில் 89 பவுன் நகைக்கு ஈடாக 25 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் அதை மறுபடி உறுதி செய்தது. உடன்படிக்கையில் பவுனோடு கிராமும் எழுதுங்கள். நகையாகத் திருப்பித் தருவதா, பணமாகவா, பணமென்றால் எந்தத் தேதி விலை என்றும் எழுதுங்கள். தங்கம் விலை போகும் போக்கில் இந்தத் தேதி ஒன்றே லட்சக்கணக்கில் வித்தியாசம் காட்டும்.

பிள்ளைகள் விஷயத்தில் இதே நுணுக்கம் வேண்டும். 'மாதம் இரண்டு ஞாயிறு' என்று மொட்டையாக எழுதாதீர்கள். கிறிஸ்துமஸ் ராத்திரி யாரோடு, டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழா லீவு யாரோடு, மண்டைக்காடு கொடைக்கு எந்தப் பாட்டி கூட்டிப் போவார், அப்பா வெளிநாட்டில் இருக்கும்போது வாட்ஸ்அப்பில் பேசும் நேரம் எது என்பது வரைக்கும் எழுதுங்கள். ஒன்றைக் கவனத்தில் வையுங்கள். பிள்ளைக்கு உரிய பராமரிப்புத் தொகையை, 'எனக்கு ஒன்றும் வேண்டாம், விட்டால் போதும்' என்று அம்மா எழுதிக் கொடுத்துவிட முடியாது. அது பிள்ளையின் உரிமை. ரோஷத்தில் அப்படி எழுதத் துடிக்கும் பெண்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

உடன்படிக்கை செல்லுமா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். விவாகரத்து என்பது, இந்து, கிறிஸ்தவத் திருமணங்களானாலும் சரி, சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவானவையானாலும் சரி, பொதுவாக நீதிமன்ற ஆணையால்தான் வரும். முத்திரைத்தாளில் 'இன்று முதல் எங்களுக்குள் எந்தச் சம்பந்தமும் இல்லை' என்று எழுதி நோட்டரி சீல் வாங்கி வைத்திருக்கிறவர்கள் நம் மாவட்டத்தில் உண்டு. அதை நம்பி மறுமணம் செய்தால் இருதார வழக்கில்தான் போய் நிற்கும். திருச்சபை நீதிமன்றம் திருமணத்தை ரத்து செய்தாலும் சிவில் சட்டப்படி திருமணம் நீடிக்கிறது என்று 1996-ல் மோலி ஜோசப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மறைமாவட்டத்தில் தாள் கிடைத்துவிட்டது என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள். முஸ்லிம் குடும்பங்களில் ஜமாத்தோ ஷரியத் கவுன்சிலோ கொடுக்கும் குலா (மனைவி கேட்டுப் பெறும் விவாகரத்து) சான்றிதழ் செல்லாது, குடும்ப நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்று 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

மற்றபடி பணம், நகை, பிள்ளை பற்றி நீங்கள் பேசி எழுதியதெல்லாம் வீண் இல்லை. பரஸ்பர சம்மத மனுவோடு அதை இணைத்து, நீதிமன்றம் அதைப் பதிவு செய்துவிட்டால் ஆணையின் பலம் வந்துவிடும். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு நடத்தும் மக்கள் நீதிமன்றத்தில் விவாகரத்து வாங்க முடியாது. ஆனால் ஜீவனாம்சம், பொருட்கள் திரும்பத் தருவது போன்றவற்றை அங்கே முடித்தால் அது உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. 2023-ல் தனியாக ஒரு சமரசச் சட்டமே வந்திருக்கிறது. அதன் சில பிரிவுகள் மட்டும் அந்த ஆண்டு அக்டோபர் 9-ல் அமலுக்கு வந்தன, மற்றவை கட்டம் கட்டமாக என்று விட்டார்கள். ஆகவே 'புதுச் சட்டப்படி நம்ம தாளே தீர்ப்பு மாதிரி' என்று யாராவது சொன்னால், எந்தப் பிரிவு, எந்தத் தேதியிட்ட அறிவிப்பு என்று கேளுங்கள்.

இன்னொன்று, பணத்தைத் தவணையாகப் பிரித்து எழுதுங்கள். இந்து திருமணச் சட்டத்தில் முதல் மனுவில் சம்மதம் சொன்னவர் இரண்டாவது கட்டத்தில் பின்வாங்கினால் விவாகரத்து கிடைக்காது. முழுப் பணத்தையும் முதல் நாளே கொடுத்தாலும் சங்கடம், கடைசி நாள் வரை கொடுக்காமல் வைத்திருந்தாலும் சங்கடம். பாதி முதல் மனுவின்போது, மீதி ஆணை வரும் நாளில் டி.டி.யாக என்று வைத்தால் இரண்டு பக்கமும் தூங்கலாம். மகளிர் காவல் நிலையத்தில் கொடுமை வழக்கு பதிவாகி இருந்தால் அது தானாகப் போகாது. புகார் கொடுத்தவர் சமாதானம் ஆகிவிட்டேன் என்றாலும் அந்தக் குற்றம் சமரசத்துக்கு உரியதல்ல என்பதால், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் மனுப் போட்டு ரத்து வாங்க வேண்டும். அந்தச் செலவு யாருடையது என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள். கிறிஸ்தவத் தம்பதிகளுக்கு விவாகரத்துச் சட்டத்தின் 10ஏ பிரிவு இரண்டு ஆண்டு பிரிந்திருக்க வேண்டும் என்கிறது. கேரள உயர் நீதிமன்றம் 2010-ல் அதை ஓராண்டாகக் குறைத்தது, 2022-ல் அந்த ஓராண்டுக் காத்திருப்பையும் செல்லாது என்றது. கேரளத்துப் பாறசாலைச் சித்தப்பா சொன்ன கணக்கை வைத்து எல்லையில் இருக்கும் களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் தேதி குறிக்காதீர்கள். உங்கள் வக்கீல்கள் பார்த்துச் சொல்லட்டும்.

எல்லாக் குடும்பத்தையும் மேசைக்குக் கொண்டுவரக் கூடாது என்பதைப் பயிற்சியில் ஒரு மணி நேரத்தில் கடந்துபோவார்கள். எனக்கு அது போதாது என்று படுகிறது. அடி, உதை, மிரட்டல் இருக்கும் வீட்டில் இரண்டு பேரையும் எதிரெதிரே உட்கார வைத்து, "மனம் விட்டுப் பேசுங்க" என்றால் அந்தப் பெண் எதைப் பேசுவாள்? அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் பேசுவாள். முதல் சந்திப்பை எப்போதும் தனித்தனியாக, வேறு வேறு நாளில் வையுங்கள். நேராகக் கேளுங்கள்: பயமாக இருக்கிறதா, கை வைத்ததுண்டா, இன்று இங்கே வந்தது அவருக்குத் தெரியுமா, போன் யார் கையில் இருக்கிறது, வெளியே போகக் காசு யாரிடம் கேட்க வேண்டும். பதில்களில் உங்களுக்கு நெருடினால் பேச்சை எடுக்காதீர்கள். 181 உதவி எண், மாவட்டப் பாதுகாப்பு அலுவலர், நாகர்கோவிலில் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையம் என்று அவர்கள் பக்கம் அனுப்புங்கள். பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் 1098. அங்கே ரகசியம் என்ற பேச்சுக்கே இடமில்லை, இதை முதல் நாளே இரண்டு தரப்புக்கும் சொல்லிக் கையெழுத்தும் வாங்கி வையுங்கள்.

கட்டணம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். நீதிமன்ற சமரச மையத்தில் தம்பதிக்குச் செலவு இல்லை. சமரசருக்கு மதிப்பூதியம்தான், அதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. பள்ளி வேலையை விட்டுவிடாதீர்கள். உங்கள் குழு கட்டணம் வாங்குவதென்றால் மணிக்கு இவ்வளவு என்று வையுங்கள், இரண்டு தரப்பும் சமமாகக் கட்டட்டும். ஒருவர் மட்டும் கட்டினால் அவர் உங்கள் முதலாளி ஆகிவிடுவார். தீர்ந்தால்தான் பீஸ் என்று ஒருபோதும் வைக்காதீர்கள். தீராவிட்டால் நமக்கு நட்டம் என்று வந்ததும் வார்த்தைகள் ஒரு பக்கமாகத் தள்ள ஆரம்பிக்கும்.

பள்ளி லீவு நாள் ஒன்றில், கோர்ட்டுக்கு வேலை நாளாகப் பார்த்து, நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்துக்கு நால்வரும் போய்வாருங்கள். சமரச மையத்தில், அடுத்த 40 மணி நேரப் பயிற்சி எப்போது, வக்கீல் அல்லாதவரிடமிருந்து விண்ணப்பம் வாங்குகிறார்களா, தகுதிக்கு எத்தனை ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள் என்று விசாரியுங்கள். குடும்ப நல நீதிமன்றத்தில் ஆலோசகர் பணியிடம் பற்றிக் கேளுங்கள். பக்கத்திலேயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளரைப் பார்த்து, வழக்குக்கு முந்தைய மனுவாகக் குடும்பங்களை எப்படி அனுப்புவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் குவைத்துக்காரர் வீட்டுக்கு வேண்டிய சமரசரையும் அங்கேயே விசாரிக்கலாம். எம்.எஸ்.டபிள்யூ. சான்றிதழின் நகலும் பணி அனுபவச் சான்றும் கையில் இருக்கட்டும்.